உப்பு ஏறிய ஊர்

திருப்பூரைச் சொந்த ஊர் என்று நான் சொன்னால் பெரியப்பா ஒத்துக்கொள்ள மாட்டார். ஆண்டிபட்டிப் பக்கம் குலசாமி கோயில் இருக்கிறது, தாத்தாவைப் புதைத்த காடு இருக்கிறது, அதுதான் ஊர்; திருப்பூர் பொழைக்கப் போன இடம் என்பார். அவர் சொல்வதில் தப்பில்லை. ஆனால் எனக்கு அந்தக் காடு வருஷத்துக்கு ஒருமுறை பொங்கல் வைக்கப் போகிற இடம், அவ்வளவுதான். பிறந்தது, பள்ளிக்கூடம் போனது, தண்ணீர்க் குடம் தூக்கியது, முதல் சினிமா பார்த்தது எல்லாம் திருப்பூரில். இன்று கோவையில் குடியிருக்கிறேன். அம்மா இன்னும் வேலம்பாளையத்தில்தான் இருக்கிறார், அங்கிருந்து நகர மறுக்கிறார். பிள்ளை கூப்பிட்டும் வராத அம்மாக்களில் அவரும் ஒருவர்.

மழை பொய்த்த ஒரு வருஷம், 1970களின் கடைசியில், அப்பா ஒரு தகரப் பெட்டியோடு திருப்பூர் வந்து இறங்கினார். ஊர்க்காரர் ஒருவர் பனியன் கம்பெனியில் அயர்ன் போட்டுக்கொண்டிருந்தார். அவர் அறையில் படுக்க இடம் கிடைத்தது. ஆறு மாதம் அடுக்கிக் கட்டுகிற வேலை, அப்புறம் கட்டிங் மாஸ்டருக்குக் கையாள், அப்புறம் மாஸ்டர். திருப்பூரில் யாரைக் கேட்டாலும் கதை இப்படித்தான் ஆரம்பிக்கும். தஞ்சாவூர், மதுரை, திருநெல்வேலி, தருமபுரி என்று பஸ் பிடித்து வந்தவர்கள். பூர்வீகமாகக் காடு தோட்டம் வைத்திருந்த குடியானவர்கள்கூட ஏரை விட்டுவிட்டு மெஷினுக்கு வந்தவர்கள்தான். அந்த வகையில் பார்த்தால் பெரியப்பா சொல்லும் அர்த்தத்தில் அந்த ஊரில் ஊர்க்காரர் என்று ரொம்பப் பேர் தேறமாட்டார்கள்.

நாங்கள் இருந்தது லைன் வீடு. நீளமாக ஒரே ஓட்டுக் கூரை, வரிசையாகக் கதவுகள், ஒவ்வொரு கதவுக்கும் பின்னால் ஒரு அறையும் ஒரு அடுப்படியும். கடைசியில் பொதுக் கக்கூஸ். எதிரே வீட்டுக்கார ஆத்தாவின் பெரிய தொட்டிக்கட்டு வீடு, அதற்குப் பின்னால் அவர்களுடைய தோட்டம், தோட்டத்தின் நடுவே கிணறு. அனுப்பர்பாளையம் பக்கத்தில்தான் இருந்தது என்பதால் விடிந்தால் பாத்திரப் பட்டறைகளின் சத்தம் கேட்கும். பித்தளைத் தகட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டி அண்டாவாகவும் குடமாகவும் ஆக்குவார்கள். தூரத்தில் கேட்கும்போது அது காதை உறுத்தாது. புது வீட்டுக்குப் போன பிறகு ரொம்ப நாள் அந்தச் சத்தம் இல்லாமல் எனக்குத் தூக்கம் கலையவில்லை.

அந்தக் கிணற்றைப் பற்றிச் சொல்லவேண்டும். கல் கட்டிய சதுரக் கிணறு, இறங்குவதற்குச் சுவரிலேயே நீட்டி வைத்த கல் படிகள். எங்கள் காலத்தில் மோட்டார் வந்துவிட்டது, ஆனால் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கிற கவலை ஓட்டிய தடம், மாடுகள் முன்னும் பின்னும் நடந்த வாரிப்பள்ளம், சரிவாக அப்படியே இருந்தது. நாங்கள் அதில் சறுக்கி விளையாடுவோம். லைன் வீட்டுப் பெண்கள் எல்லோரும் குடிக்கவும் சமைக்கவும் அந்தத் தண்ணீரைத்தான் எடுத்தார்கள். குழாயில் மேட்டுப்பாளையத்துப் பவானித் தண்ணீர் வரும், ஆனால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆத்தாவிடம் கேட்டுவிட்டுத்தான் எடுக்கவேண்டும் என்று கிடையாது. ஒரே ஒரு கண்டிஷன், தொட்டியில் எருமைகளுக்குத் தண்ணீர் நிரப்பிவிட்டு எடுக்கவேண்டும். "முதல்ல வாயில்லாச் சீவன் குடிக்கட்டும் அம்மிணி, அப்புறம் நீங்க கொண்டுபோங்க" என்பார்.

ஆத்தா வீட்டு அரிசிம்பருப்புச் சாதத்தின் மணம் லைன் முழுக்க வரும். எங்கள் அம்மாவுக்கு முதலில் அது என்ன சாப்பாடு என்றே புரியவில்லையாம். அரிசியையும் பருப்பையும் ஒன்றாகப் போட்டு வேகவைத்து மேலே நெய்யை ஊற்றிக்கொண்டால் அது சாப்பாடா என்று. பிறகு நாங்கள் அதைத்தான் கேட்டு அழுதோம்.

ஞாயிற்றுக்கிழமை தவிர எல்லா நாளும் கம்பெனிதான். காலை எட்டரைக்கு ஆரம்பித்தால் சாயங்காலம் ஐந்தரைக்கு ஒரு ஷிஃப்ட் முடியும். அதோடு யாரும் வீட்டுக்கு வரமாட்டார்கள். ராத்திரி எட்டரை வரை போட்டால் ஒன்றரை ஷிஃப்ட். ஏற்றுமதி ஆர்டர் கப்பலேறும் நாள் நெருங்கினால் விடிய விடிய. சனிக்கிழமை ராத்திரி சம்பளம். திருப்பூரில் அது ஒரு வாராந்திரத் திருவிழா. கடைவீதி, கறிக்கடை, பரோட்டாக் கடை, சினிமா இரண்டாம் ஆட்டம் எல்லாம் சனிக்கிழமைச் சம்பளத்தை நம்பித்தான் நடந்தன. அப்பா வரும்போது கையில் ஒரு பொட்டலம் இருக்கும், சட்டை முழுக்கப் பஞ்சுத்தூசு இருக்கும். புருவத்தில்கூட வெள்ளையாக ஒட்டியிருக்கும். அதைத் தட்டிவிடுவது எங்கள் வேலை.

கோடை லீவில் நானும் கம்பெனிக்குப் போயிருக்கிறேன். கைமடி வேலை. ஓவர்லாக் மெஷினில் டெய்லர் அக்கா உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் கைமடி நிற்கவேண்டும். வெட்டிய துண்டுகள் கட்டுக் கட்டாக வரும். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி சேர்த்து, தோள் முனை தோள் முனையோடு பொருந்த வைத்து நீட்டவேண்டும். டெய்லரின் கை அதைத் திரும்பிப் பார்க்காமல் வாங்கும். நீட்டுவதில் ஒரு நொடி தாமதமானால் மெஷின் நிற்கும். பீஸ் ரேட் என்பதால் மெஷின் நின்றால் அக்காவுக்குக் காசு போகும். அதனால் பேசமுடியாது, தண்ணீர் குடிக்கப் போகமுடியாது. இந்தப் பக்கம் தைத்து விழுகிறதை எடுத்து நூல் பிசிறை வெட்டி அடுக்கவேண்டும். மத்தியானத்துக்கு மேல் பாதம் வலிக்க ஆரம்பிக்கும். டீக்குப் பெல் அடித்ததும் அத்தனை மெஷினும் ஒரே நேரத்தில் நின்று போகும். அந்த அமைதியில் காதுக்குள் மட்டும் கொஞ்ச நேரம் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். குழந்தைகளை வேலைக்கு விடுவது தப்பு என்று இன்று எல்லோருக்கும் தெரியும், சட்டம் இருக்கிறது, நல்ல கம்பெனிகளில் நுழையவே முடியாது. நல்லது. அன்றைக்கு எங்கள் லைனில் எட்டாவது தாண்டாத பிள்ளைகள்தான் அதிகம் என்பதும் உண்மை. என்னை மறுபடி பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது அம்மாவின் பிடிவாதம்.

1984இல் பெரிய ஸ்ட்ரைக் நடந்தது. பஞ்சப்படி கேட்டு 127 நாள். பனியன் தொழிலாளிகள் சங்கம் சங்கமாகக் கொடி பிடித்துப் போனது எனக்கு மங்கலாகத்தான் நினைவிருக்கிறது. நினைவில் பதிந்தது வீட்டில் நடந்ததுதான். அரிசி தீர்ந்துபோய்த் தாத்தா ஊரிலிருந்து பஸ்ஸில் ஏற்றி அனுப்பிய கம்பு மூட்டை. அம்மா அதை ஊறவைத்து இடித்துக் கூழாக்கியது. வாடகை கொடுக்க முடியாமல் அப்பா ஆத்தா வீட்டு வாசலில் போய் நின்றது. ஆத்தா, "நான் கேட்டனுங்களா? போயி வேலையப் பாருங்க" என்று சொல்லியிருக்கிறார். வேலையே இல்லாத நேரத்தில் வேலையைப் பார்க்கச் சொன்னதை அப்பா பிற்பாடு சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். ஆத்தாவின் மகனும் அப்போது சின்னதாக நாலு மெஷின் போட்டிருந்தார். அவர் முதலாளி பக்கம், நாங்கள் தொழிலாளி பக்கம், கிணறு பொது.

அதற்குப் பின்னால்தான் ஊர் ஓட ஆரம்பித்தது. அதுவரை திருப்பூர் என்றால் வெள்ளைப் பனியன். உள்ளூருக்கும் வடநாட்டுக்கும் போகிற கை வைத்தது, கை இல்லாதது. 1980களில் ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஆர்டர் வர வர டி-ஷர்ட் வந்தது, டி-ஷர்ட்டோடு நிறம் வந்தது. கட்டிங் மாஸ்டர்கள், டெய்லர்கள், நிட்டிங் ஓட்டியவர்கள் நகையை அடகு வைத்து, சொந்தக்காரரோடு கூட்டு சேர்ந்து முதலாளி ஆனார்கள். அப்பாவோடு ஒரே டேபிளில் நின்று வெட்டியவர் இன்று பெரிய ஏற்றுமதியாளர். அப்பாவுக்கும் வாய்ப்பு வந்தது, அம்மாவின் தாலிக்கொடியை வைக்க மனசு வரவில்லை. அதில் எங்களுக்கு வருத்தம் இல்லை. அப்படி முதலாளி ஆனவர்களைப் பார்த்து மற்றவர்கள் பெருமூச்சு விட்டபோதுகூட அப்பா, "அவன் தூங்குறானா கேளு" என்று மட்டும் சொல்வார்.

இப்போது ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி. 2008இல் மாநகராட்சி, 2009இல் தனி மாவட்டம். 2011 மக்கள்தொகைக் கணக்கில் சுற்றுப்புறம் சேர்த்து ஒன்பதரை லட்சம் பேருக்கு மேல். என் கண் முன்னால் சோளக்காடாக இருந்தது சைட் ஆகி, சைட் கம்பெனி ஆகி, கம்பெனிக்கு மேல் மாடி ஏறியது. ஆத்தாவின் தோட்டமும் போனது. யாரும் பிடுங்கிக்கொள்ளவில்லை, அவர் மகனே விற்றார். விற்றதற்கு ஒரு காரணம் இருந்தது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்தேன்.

சாயம் போடுவது எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பருத்தித் துணியில் சாயம் தானாகப் போய் ஒட்டாது. தண்ணீரில் கரைந்து அங்கேயே மிதக்கப் பார்க்கும். அதைத் துணிக்குள் தள்ளுவதற்கு உப்பு வேண்டும். மூட்டை மூட்டையாக. கறுப்பு, நீலம், மெரூன் மாதிரி அடர் நிறம் என்றால் துணியின் எடைக்குக் கிட்டத்தட்ட அதே எடை உப்பு போடவேண்டியிருக்கும். அப்புறம் சோடா போட்டுச் சாயத்தைப் பிடிக்க வைத்து, சோப்பு போட்டு அலசி, மறுபடி அலசி, மறுபடி அலசி. பழைய வின்ச் மெஷின்களில் ஒரு கிலோ துணிக்கு நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் பிடித்தது. இவ்வளவும் முடிந்த பிறகு துணியில் தங்குவது சாயம் மட்டும். உப்பு ஒரு கைப்பிடிகூடத் துணியில் தங்காது. போட்டது முழுக்கக் கழிவுத் தண்ணீரோடு வெளியே வந்துவிடும்.

ஊரில் பேசினால் எல்லோரும் நிறத்தைத்தான் பேசுவார்கள். நொய்யலில் இன்று சிவப்பு ஓடியது, நேற்றுப் பச்சை ஓடியது என்று. வளர்மதி பாலத்தைத் தாண்டும்போது பஸ்ஸில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்ததை நானும் மறக்கவில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரிந்த நிறம் சின்னச் சங்கதி. சுண்ணாம்பையும் இரும்பு உப்பையும் போட்டுத் தெளிய வைத்தால் நிறம் பெருமளவு போய்விடும். அப்படித்தான் 1990களின் கடைசியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டினார்கள், தண்ணீர் தெளிவாகத்தான் வந்தது. தெளிந்த உப்புத் தண்ணீர். அது ஆற்றில் போய், ஆற்றிலிருந்து நிலத்தில் இறங்கி, நிலத்திலிருந்து கிணறுகளுக்கு வந்தது.

ஆத்தாவின் கிணற்றுக்கு எப்போது வந்தது என்று தேதி சொல்ல முடியாது. முதலில் பருப்பு வேகவில்லை. அம்மா பருப்புக் கடைக்காரரோடு சண்டை போட்டார், அவரும் வேறு பருப்பு கொடுத்துப் பார்த்தார். அப்புறம் சோப்பு நுரைக்கவில்லை. பித்தளைக் குடத்தின் உள்ளே வெள்ளையாக ஒரு படலம் பிடித்தது, புளி போட்டுத் தேய்த்தாலும் ரெண்டு நாளில் மறுபடி வந்தது. ஒரு நாள் காலையில் எருமை தொட்டியில் வாயை வைத்துவிட்டுத் தலையை எடுத்துக்கொண்டது. ஆத்தா தவிட்டைக் கலந்து பார்த்தார், கொஞ்சம் குடித்தது. அடுத்த நாள் அதுவும் இல்லை. "மாடு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு கண்ணு, இனி நாம குடிக்கப்படாது" என்று எங்கள் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். பரிசோதனைக்குக் கொடுக்கவில்லை, கலெக்டரிடம் மனு எழுதவில்லை. எருமைகளை விற்றார். ரெண்டு மூன்று வருஷத்தில் தென்னைகள் காய் சிறுத்து, மட்டை காய்ந்தன. அதற்கப்புறம் தோட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மகன் கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை.

அந்தக் கிணற்றை மூடியபோது நான் கல்லூரியில் இருந்தேன். கட்டட இடிபாட்டை லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டி நிரப்பினார்களாம். அதன் மேல் இப்போது ஒரு கம்பெனியின் பேக்கிங் செக்‌ஷன்.

எங்கள் கிணறு ஒன்றுதான். நொய்யல் போன வழியில் எத்தனை கிணறு என்று நினைத்துப் பார்க்கவேண்டும். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையைத் தாண்டி, திருப்பூரைத் தாண்டி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேருகிற ஆறு. திருப்பூருக்குக் கிழக்கே ஒரத்துப்பாளையத்தில் 1992இல் அணை கட்டி முடித்தார்கள், கீழே இருக்கும் காடுகளுக்குப் பாசனம் கொடுக்க. சில வருஷங்களிலேயே அது சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப் போனது. உலகத்தில் அணை கட்டச் சொல்லிக் கேட்ட விவசாயிகள் உண்டு. எங்கள் பக்கத்தில், கட்டிய அணையில் தண்ணீரைத் தேக்காதே, திறந்தும் விடாதே என்று விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். திறந்தால் அவர்கள் வயல், தேக்கினால் அவர்கள் கிணறு. பத்து, பதினைந்து வருஷம் வழக்கு நடத்தினார்கள். நஷ்டஈடு என்று கைக்கு வந்தது, போன மண்ணுக்கு ஈடாகாது.

2011 ஜனவரி கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறை, சலவைப்பட்டறை எல்லாவற்றையும் மூடச் சொன்னது. எழுநூறுக்கு மேல் பட்டறைகள். கழிவுத் தண்ணீர் ஒரு சொட்டும் வெளியே விடாத ஏற்பாடு செய்துவிட்டுத் திற என்று. ஊரே ஸ்தம்பித்தது என்பது பத்திரிகையில் எழுதும் வார்த்தை, ஆனால் அன்று அதுதான் நிஜம். துணியைச் சாயத்துக்கு வெளியூர் அனுப்பினார்கள், ஆர்டர்கள் பிந்தின, லைன் வீடுகள் காலியாயின. அம்மா குடியிருந்த தெருவில் பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். தீர்ப்பைத் திட்டாதவர்கள் கிடையாது. நான் அப்போதும் தீர்ப்பின் பக்கம்தான், இப்போதும் அப்படித்தான். அந்தப் பட்டறைகளின் காசில் ஓடிய ஊர்தான் என்னைப் படிக்கவைத்தது என்பது தெரிந்தே சொல்கிறேன். ஆத்தாவிடம் யாரும் கேட்கவில்லையே, உன் கிணற்றை எடுத்துக்கொள்ளட்டுமா என்று.

அதே வருஷம் நவம்பரில் ஒரே ராத்திரி பெய்த மழையில் ஓடைகளில் வெள்ளம் வந்து கரையில் இருந்த வீடுகளை அடித்துக்கொண்டு போனது. உயிர்களும் போயின. ஓடையைச் சுருக்கிச் சாக்கடையாக்கி, சாக்கடைக் கரையில் ஏழைகளுக்கு மட்டும் இடம் விட்ட ஊரில் அது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

சரி, இப்போது எப்படி இருக்கிறது? நேர்மையாகச் சொன்னால், பட்டறைகள் மாறியிருக்கின்றன. கழிவுத் தண்ணீரை நுண்ணுயிர் வைத்துச் சுத்தம் செய்து, சவ்வு வழியாக அழுத்தி வடிகட்டி, நல்ல தண்ணீரை மறுபடி சாயத்துக்கே எடுக்கிறார்கள். மிஞ்சுகிற கடும் உப்புத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கி உப்பைப் பிரிக்கிறார்கள். அதிலும் ஒரு பகுதி மறுபடி பயன்படுகிறது. இவ்வளவு பெரிய அளவில் இதை முதலில் செய்த ஜவுளி நகரங்கள் உலகத்தில் அதிகம் இல்லை. திருப்பூர்க்காரர்கள் இதைப் பெருமையாகச் சொல்கிறார்கள், சொல்லலாம். திருட்டுத்தனமாக ராத்திரியில் திறந்துவிடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவ்வப்போது பிடிபடுகிறார்கள், அதுவும் உண்மை.

ஊருக்குத் தண்ணீர் பவானி ஊருக்குப் பக்கத்தில் காவிரியிலிருந்து குழாயில் வருகிறது, நாளுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம். தனியாரும் அரசும் சேர்ந்து போட்டது, 2005 வாக்கில் வந்தது. கம்பெனிகளுக்கும் அதிலிருந்துதான். அம்மா வீட்டில் மூன்று தண்ணீர் இருக்கிறது. குழாய்த் தண்ணீர் சமைக்க, போர் தண்ணீர் துவைக்க, கேன் தண்ணீர் குடிக்க. கேன் போடுகிற பையன் ஒடிசாக்காரன். பெரியம்மா என்றுதான் கூப்பிடுகிறான். அம்மா அவனிடம் தமிழில் பேசுவார், அவன் பாதி தமிழில் பதில் சொல்வான். அவன் அக்கா எங்கள் பழைய லைன் மாதிரியே ஒரு லைனில் குடியிருக்கிறாள், புருஷன் நிட்டிங்கில். அவள் குழந்தை பக்கத்து அரசுப் பள்ளியில் ரெண்டாவது படிக்கிறது, 'ஏனுங்க' போட்டுப் பேசுகிறது. 2020 ஊரடங்கில் ஊருக்கு ரயிலேறிப் போனவர்கள் திரும்பி வந்தபோது அந்தக் குடும்பமும் வந்தது. வடக்கத்தியான் வந்து ஊரைக் கெடுத்துவிட்டான் என்று யாராவது அம்மாவிடம் ஆரம்பித்தால் கோபம் வந்துவிடும். "எங்களையும் இதேதான் சொன்னாங்க" என்று எழுந்து உள்ளே போய்விடுவார். இந்த விஷயத்தில் அம்மா சொல்வதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. பெரியப்பா கணக்கில் அந்தக் குழந்தைக்கும் ஊர் ஒடிசாதான்.

போன மார்கழியில் ஊத்துக்குளி ரோட்டுப் பக்கம் நஞ்சராயன் குளத்துக்குப் போனோம். சின்ன வயசில் அது எங்களுக்குப் பெரிய குளம், அவ்வளவுதான், யாரும் போய்ப் பார்க்கிற இடமில்லை. எங்கள் பக்கத்து நல்லாறு அதில்தான் விழுகிறது. 2022இல் பறவைகள் சரணாலயம் ஆக்கினார்கள், 2024இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஊர்க்காரர்கள் சில பேர் வருஷக்கணக்காகப் பறவைகளை எண்ணி எழுதி வைத்து, அதிகாரிகள் பின்னால் அலைந்து வாங்கிக்கொடுத்த அங்கீகாரம் அது. தண்ணீரில் நாமக்கோழிகள் கறுப்பாகக் கூட்டம் கூட்டமாக இருந்தன. ஓரத்தில் மஞ்சள் மூக்கு நாரைகள். 2024இல்தான் அத்திக்கடவு - அவிநாசித் திட்டமும் ஓட ஆரம்பித்து, பவானியின் உபரித் தண்ணீரைக் குழாய் வழியாக ஆயிரத்துக்கு மேற்பட்ட குளம் குட்டைகளுக்குக் கொண்டுபோகிறார்கள். என் அப்பா காலத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்த திட்டம். மேலத் தோட்டங்களில் கிணறு ஊறுகிறது என்று பழைய சிநேகிதி ஒருத்தி போனில் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் உப்பு எங்கே போனது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. லைனில் மூன்றாவது வீட்டு அண்ணன் இப்போது ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆபரேட்டர். என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். எல்லாம் சுத்தமாக இருந்தது, டயல்கள், பம்புகள், பெயின்ட் அடித்த குழாய்கள். கடைசியாக ஒரு ஷெட். உள்ளே மூட்டை மூட்டையாகக் கூரை வரை. பயன்படுத்த முடியாத கலப்பு உப்பு, பழுப்பும் சாம்பலுமாக, சில மூட்டைகள் கிழிந்து ஈரம் கசிந்திருந்தன. தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். "வேண்டாம் பாப்பா, கை அரிக்கும்" என்றார். இதை எங்கே கொண்டுபோவீர்கள் என்றதற்கு, "இடம் பார்த்துட்டே இருக்காங்க" என்றார். ஆற்றில் போகவில்லை என்பது சந்தோஷம்தான். ஆனால் அந்த ஷெட் மழைக்கும் காலத்துக்கும் தாங்கவேண்டும். அப்புறம் அடுத்த ஷெட், அதற்கடுத்த ஷெட்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நொய்யலில் இன்று ஓடுவதில் பெரும்பகுதி சாயம் இல்லை, கோவையும் திருப்பூரும் விடுகிற வீட்டுச் சாக்கடை. அதில் என் வீட்டுத் தண்ணீரும் உண்டு, படிக்கிறவர் அந்தப் பக்கத்துக்காரர் என்றால் உங்கள் வீட்டுத் தண்ணீரும் உண்டு. சாயப்பட்டறைக்காரர்கள் இதை ஒரு சமாதானமாகச் சொல்லும்போது எனக்கு எரிச்சல் வரும், ஆனாலும் சங்கதி சங்கதிதான்.

என் சித்தப்பா மகன் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். பையரோடு, அதாவது துணி வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியோடு, விலை பேசுவது அவன் வேலை. ஒரு டி-ஷர்ட்டுக்குக் காஸ்டிங் போட்ட ஷீட்டை எனக்குக் காட்டினான். நூல், நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், லேபிள், பாலி பேக், அட்டைப் பெட்டி, பெட்டியில் ஒட்டும் டேப் வரை காசு கணக்கில் இருந்தது. வீணாகிற துண்டுத் துணிக்குக்கூட ஒரு சதவீதம். சாயத்துக்கான ரேட்டில் சுத்திகரிப்புச் செலவு உள்ளே வந்துவிடும் என்றான். சுத்திகரிப்பு நிலைய ஷெட்டில் இருக்கும் உப்புக்கு இந்த ஷீட்டில் எந்தக் கட்டம் என்று கேட்டேன். அப்படி ஒரு கட்டம் இல்லை. ஒரத்துப்பாளையத்துக்குக் கீழே இருக்கும் நிலத்துக்கும் இல்லை, ஆத்தா கிணற்றுக்கும் இல்லை. சேர்த்தால் என்ன என்றேன்.

"பையர் ஒத்துக்கவே மாட்டாங்கக்கா. ரெண்டு சென்ட் ஏத்தினா பங்களாதேஷ் போயிடுவான். அமெரிக்காக்காரன் ஐம்பது சதவீதம் வரி போட்டப்ப நாங்க பட்ட பாடு உனக்குத் தெரியாது."

அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, 2025இல் அவர்கள் பட்டதை நானும் பார்த்தேன். ஆனால் பஞ்சப்படி கேட்டபோதும் முதலாளிகள் இதைத்தான் சொன்னார்கள், கட்டாது, தொழில் ஊரைவிட்டுப் போய்விடும் என்று. கழிவுத் தண்ணீரை ஒரு சொட்டும் விடக்கூடாது என்று கோர்ட் சொன்னபோதும் இதையேதான் சொன்னார்கள். தொழில் போகவில்லை. அதை அவனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஷீட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அசோசியேஷன் மீட்டிங்கில் பெரியவர்களிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றான். கேட்டானா என்று ஒவ்வொரு தடவை போன் பேசும்போதும் கேட்கிறேன்.